வெள்ளைப் பொட்டாகத் தெரியும் வியாழனைப் படமாக்குவது எப்படி?

கேள்வி: "என்னிடம் 150 மி.மீ. விட்டமும் 1200 மி.மீ. குவியத் தூரமும் உள்ள டாப்சோனியன் தொலைநோக்கி இருக்கிறது. கண்ணால் பார்த்தால் வியாழனின் இரண்டு பட்டைகளும் நான்கு நிலவுகளும் தெரிகின்றன. கைபேசியை வைத்துப் படமெடுத்தால் வெறும் வெள்ளைப் பொட்டுதான் வருகிறது. தொலைநோக்கி சிறியதா? எந்தக் கேமரா வாங்கினால் சரியாகும்?"

தொலைநோக்கி சிறியதில்லை. கேமராவைப் பிறகு பார்ப்போம். அதற்கு முன் செலவில்லாமல் செய்ய வேண்டிய வேலை நிறைய இருக்கிறது.

முதலில் அந்த வெள்ளைப் பொட்டு. கைபேசியின் தானியங்கி எக்ஸ்போஷர் திரை முழுவதையும் பார்த்து வெளிச்சத்தைக் கணக்கிடுகிறது. திரையில் பெரும்பகுதி கரிய வானம். இருட்டில் எடுக்கிறோம் என்று நினைத்து அது ஒளியை அள்ளி உள்ளே விடுகிறது. ஆனால் வியாழன் இருட்டான பொருளே அல்ல. வெயிலில் நிற்கும் கோள். சூரியனிலிருந்து நம்மைவிட ஐந்து மடங்குக்குச் சற்று அதிகமான தூரத்தில் இருப்பதால் நமக்குக் கிடைக்கும் வெயிலில் 27-இல் ஒரு பங்குதான் அதற்குக் கிடைக்கிறது. ஆனாலும் அது பகல் வெளிச்சம்தான். ஆகவே திரையில் கோளின் மேல் விரலை அழுத்திப் பிடித்து எக்ஸ்போஷரையும் ஃபோகஸையும் பூட்டிவிட்டு, பட்டைகள் தெரியும்வரை வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். குறைக்கும்போது நிலவுகள் மறைந்துவிடும். கவலை வேண்டாம். பட்டைகளும் நிலவுகளும் ஒன்றாகப் பளிச்சென்று தெரிகிற படங்களில் பல, இரண்டு தனித்தனி எக்ஸ்போஷர்களைச் சேர்த்தவை.

கையால் பிடித்து எடுக்காதீர்கள். ஐபீஸின், அதாவது கண் வைத்துப் பார்க்கும் லென்ஸின், மேல் கைபேசியை இறுக்கிப் பிடிக்கும் தாங்கி ஒன்று இருந்தால் பாதித் தலைவலி தீரும். டிஜிட்டல் ஜூம் புதிதாக எந்த விவரத்தையும் தராது. இன்னொன்று, இதுதான் முக்கியம்: புகைப்படம் எடுக்காதீர்கள், வீடியோ எடுங்கள்.

கோள்களின் நல்ல படம் ஒரே தடவை பொத்தானை அழுத்தி எடுத்ததாக இருப்பதில்லை. ஆயிரக்கணக்கான ஃபிரேம்கள் உள்ள வீடியோவை எடுத்து, அதில் கூர்மையானவற்றை மட்டும் மென்பொருள் கொண்டு பொறுக்கி, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிச் சராசரி எடுத்து, பிறகு கூர்மையேற்றுகிறார்கள். காரணம் காற்று. வெவ்வேறு வெப்பநிலையில் உள்ள காற்றுத் திட்டுகள் நம் தலைக்கு மேல் ஓடிக்கொண்டே இருக்கின்றன. ஒவ்வொரு திட்டும் ஒளியைச் சற்றே வேறு விதமாக வளைக்கிறது. ஐபீஸில் கோள் தளும்புவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தத் தளும்பலுக்கு நடுவே சில கணங்கள் எல்லாம் நின்று, பட்டையின் ஓரச் சுருள்கள்கூட வெட்டி வைத்தாற்போல் தெரிந்து மறையும். அந்தக் கணங்களைப் பிடிப்பதுதான் முழு வேலையும்.

இதற்கு டேவிட் ஃபிரைட் என்ற இயற்பியலாளர் 1978-இல் ஒரு கணக்குப் போட்டுக் கொடுத்தார். காற்று ஏறக்குறையச் சீராக இருக்கும் திட்டின் அகலத்தோடு தொலைநோக்கியின் விட்டத்தை ஒப்பிட்டால், கூர்மையான ஃபிரேம் கிடைக்கும் வாய்ப்பு எவ்வளவு என்று அது சொல்கிறது. காற்று மோசமாகி, திட்டின் அகலம் 3 செ.மீ. ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் 15 செ.மீ. தொலைநோக்கி அதைப்போல் ஐந்து மடங்கு. அப்போதும் ஏறத்தாழ ஒன்பது ஃபிரேம்களில் ஒன்று தேறும். அதே காற்றில் 30 செ.மீ. தொலைநோக்கி வைத்திருப்பவருக்கு விகிதம் பத்து மடங்கு. அவருக்கு லட்சக்கணக்கான ஃபிரேம்களில் ஒன்று தேறினால் அதிசயம். நல்ல காற்றில் பெரிய தொலைநோக்கி உங்களை எங்கோ விட்டுவிட்டுப் போகும், அதில் சந்தேகமில்லை. ஆனால் சுமாரான இரவுகளில் சின்னத் தொலைநோக்கிக்காரர்தான் அதிர்ஷ்டசாலி. சுமாரான இரவுகள்தான் அதிகம்.

எனவே உங்கள் உழைப்பு முதலில் போக வேண்டிய இடம் காற்று. மேலே ஓடும் காற்றை நாம் ஒன்றும் செய்ய முடியாது. கெடுதலில் பெரும்பகுதி நமக்குப் பக்கத்திலேயே நடக்கிறது, அதைச் சரிசெய்யலாம். வீட்டுக்குள் இருந்த தொலைநோக்கியை வெளியே கொண்டுவந்தவுடன் கண்ணாடி சூடாகவும் காற்று குளிர்ந்தும் இருக்கும். சூடான கண்ணாடியின் முகத்தில் மெல்லிய வெப்பக்காற்றுப் படலம் ஒட்டிக்கொண்டு கொதிக்கும். உங்கள் அளவுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் வெளியில் ஆறவிடுங்கள். கண்ணாடிக்குப் பின்னால் சின்ன மின்விசிறி ஒன்று பொருத்தினால் இன்னும் விரைவாக ஆறும். பகலெல்லாம் வெயில் குடித்த சிமென்ட் தரையும் கூரையும் இரவில் அந்தச் சூட்டைத் திருப்பி விடுகின்றன. புல்தரையும் மண்தரையும் மேல். குழாயின் வாய்க்குக் கீழே உடம்பை வைத்துக்கொண்டு நிற்காதீர்கள். நம் உடம்பும் ஓர் அடுப்புதான்.

எந்தக் காற்று கெடுக்கிறது என்று கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. பிரகாசமான நட்சத்திரம் ஒன்றைப் பிடித்து, ஃபோகஸைக் கொஞ்சம் வெளியே நகர்த்துங்கள். நட்சத்திரம் வட்டத் தட்டாக விரியும். அந்தத் தட்டின் மேல் மெதுவாக, புகை சுருள்வதுபோல் அலைகள் எழுந்தால் அது குழாய்க்குள் இருக்கும் சூடு, காத்திருந்தால் போய்விடும். ஒரே திசையில் விறுவிறுவென்று ஆற்றுநீர்போல் ஓடினால் அது உயரத்துக் காற்று. அன்றைக்கு நிலவைப் பார்த்துவிட்டுப் படுக்கப் போகலாம். இதே தட்டில் கண்ணாடிகளின் ஒழுங்கையும் சோதித்துவிடலாம். வளையங்களெல்லாம் ஒரே மையத்தில் இருக்க வேண்டும். நடுவிலுள்ள கரிய நிழல் ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தால் கண்ணாடிகளைத் திருகிச் சீரமைக்காமல் படமெடுக்கத் தொடங்காதீர்கள். புதியவர்களின் மங்கல் படங்களுக்கு இது பெரிய காரணம்; கேமராமேல் பழி விழுகிறது. உங்களுடையது எஃப்/8 (குவியத் தூரம் விட்டத்தைப்போல் எட்டு மடங்கு) என்பதால் கொஞ்சம் பிசகு இருந்தாலும் பொறுத்துக்கொள்ளும். எஃப்/5 குட்டைக் குழாய்களுக்கு அந்தப் பொறுமை கிடையாது.

வானம் கண்ணாடிபோல் தெளிந்து நட்சத்திரங்கள் கண்சிமிட்டும் இரவு கோள் படத்துக்கு நல்ல இரவு என்று பலர் நினைக்கிறார்கள். சிமிட்டுவதுதான் கொந்தளிப்பின் அடையாளம். லேசான மூட்டம் படிந்து, இலை அசையாமல் கிடக்கும் மங்கலான இரவில் சனி அசையாமல் நிற்பதைப் பார்க்கலாம். கோளின் உயரமும் முக்கியம். அடிவானத்திலிருந்து 30 பாகை உயரத்தில் இருக்கும்போது ஒளி கடந்து வரும் காற்று, தலைக்கு நேர் மேலே இருப்பதைப்போல் இரண்டு மடங்கு. 60 பாகைக்கு மேல் போனால் பெரிய வித்தியாசம் இல்லை. தாழ்வாக இருக்கும் கோளை வளிமண்டலம் முப்பட்டகம்போல் நிறம் பிரித்தும் விடும். ஒரு விளிம்பு நீலமாகவும் எதிர் விளிம்பு சிவப்பாகவும் தெரியும். இதைச் சரிசெய்யவே இரண்டு பட்டகங்கள் கொண்ட நிறப்பிரிகைத் திருத்தி விற்கிறார்கள். உயரமான கோளைத் தேர்ந்தெடுத்தால் முதல் வருடம் அது தேவைப்படாது.

இப்போது கேமரா. கோள் படத்துக்குப் பெரிய சென்சார் வீண். கோள் சென்சாரில் ஒரு மூலையை அடைத்தாலே பெரிது. வேண்டியது வேகம், குறைந்த இரைச்சல், அழுத்திச் சுருக்காத வீடியோவை நேரே கணினிக்கு அனுப்பும் யுஎஸ்பி 3 இணைப்பு. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஃபிலிப்ஸ் நிறுவனத்தின் டூகேம் என்ற வெப்கேமராவின் லென்ஸைக் கழற்றிவிட்டுத் தொலைநோக்கியில் செருகித்தான் இந்தக் கலையே பரவியது. இன்று அதன் இடத்தில் சோனியின் ஐஎம்எக்ஸ்462 போன்ற சென்சார்கள் வைத்த கோள் கேமராக்கள் இருக்கின்றன. வண்ணக் கேமராவே வாங்குங்கள். கறுப்பு-வெள்ளையும் மூன்று வடிகட்டிகளும் நுணுக்கமான படம் தரும் என்பது உண்மைதான்; தொடக்கத்தில் அது தேவையில்லாத சுமை. ஆனால் அகச்சிவப்பையும் புறஊதாவையும் தடுக்கும் வடிகட்டி கேமராவிலேயே இல்லையென்றால் தனியாக வாங்கியே ஆக வேண்டும். அது இல்லாமல் எடுத்தால் நிறங்கள் வெளிறிப்போகும்.

கேமராவைப் பொருத்தும்போது எவ்வளவு பெரிதாக்குவது? இதற்குப் பழகியவர்கள் ஒரு வாய்பாடு வைத்திருக்கிறார்கள்: பிக்சலின் அளவை மைக்ரானில் எடுத்து ஐந்தால் பெருக்கினால் வரும் எண்தான் தொலைநோக்கிக்கு வேண்டிய எஃப் எண். ஐஎம்எக்ஸ்462-இன் பிக்சல் 2.9 மைக்ரான். ஐந்தால் பெருக்கினால் 14.5. உங்கள் தொலைநோக்கி எஃப்/8. குவியத் தூரத்தைக் கூட்டித் தரும் பார்லோ லென்ஸில் இரண்டு மடங்கு போட்டால் எஃப்/16. பொருத்தம் அமைந்துவிட்டது. மூன்று மடங்கு, ஐந்து மடங்கு என்று போகாதீர்கள். படம் பெரிதாகும், மங்கும், இருளும். ஒரு விவரம்கூட அதிகமாக வராது. எஃப்/16-இல் ஒரு பிக்சல் கால் விகலையைப் பார்க்கும். விகலை என்பது ஒரு பாகையில் 3600-இல் ஒரு பங்கு. வியாழன் 45 விகலை அகலமாக இருக்கும்போது திரையில் 180 பிக்சல் அகலத்தில் விழும். சின்னதாக இருக்கிறதே என்று தோன்றும். அவ்வளவுதான் வரும், அதுவே போதும். உங்கள் கண்ணாடி பிரித்துக் காட்டக்கூடியது ஏறத்தாழ முக்கால் விகலை. அதாவது மூன்று பிக்சல்.

கையால் திருப்பும் தாங்கியில் நிற்கும் டாப்சோனியன் தானாக வானத்தைத் தொடராது என்பது உங்கள் அடுத்த கவலையாக இருக்கும். தொடராவிட்டாலும் எடுக்கலாம். வானம் வினாடிக்குச் சுமார் 15 விகலை நகர்கிறது. 1936 பிக்சல் அகலமுள்ள சென்சார் 484 விகலை பார்க்கும். கோளை ஒரு விளிம்புக்குச் சற்று வெளியே நிறுத்திவிட்டுக் கையை எடுத்துவிட்டால், சுமார் 30 வினாடியில் அது மறுவிளிம்பைக் கடக்கும். அதற்குள் பதிவு செய்துவிடுங்கள். மறுபடி நகர்த்தி, மறுபடி கடக்கவிடுங்கள். ஓடும் கோளை நடுவில் நிறுத்தி வெட்டித் தருவதற்குப் பிப் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. தொடரும் தாங்கி இருந்தால் வேலை சுலபம். கோளைச் சுற்றிச் சின்னச் சதுரத்தை மட்டும் பதிவு செய்யலாம், வேகமும் கூடும். அது இல்லாததால் படம் எடுக்க முடியாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

எத்தனை முறை கடக்கவிடலாம்? இங்கே வியாழனே ஒரு தடை போடுகிறது. பத்து மணி நேரத்துக்குள் அது ஒரு சுற்றுச் சுற்றிவிடுகிறது. 45 விகலைத் தட்டின் நடுவிலிருக்கும் ஒரு புயல் நிமிடத்துக்குக் கிட்டத்தட்ட கால் விகலை நகர்கிறது. உங்கள் அமைப்பில் அது ஒரு பிக்சல். இரண்டு நிமிடத்துக்கு இரண்டு பிக்சல், மூன்று நிமிடத்துக்கு மூன்று. உங்கள் கண்ணாடியின் எல்லையைத் தொட்டுவிடும். ஆகவே முதல் ஃபிரேமுக்கும் கடைசி ஃபிரேமுக்கும் இடையே இரண்டு, மூன்று நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது. நீண்ட நேரம் எடுத்த வீடியோக்களை வின்ஜூபாஸ் என்ற மென்பொருளில் கொடுத்தால் கோளின் சுழற்சியைக் கணக்கிட்டுத் திருப்பிச் சேர்த்துத் தரும். அதை அடுத்த வருடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். செவ்வாய்க்கு இந்த அவசரம் இல்லை.

பதிவுக்கு ஷார்ப்கேப், ஃபயர்கேப்சர் என்ற மென்பொருள்கள் இரண்டில் எது வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். கோப்பு வகை எஸ்இஆர் என்ற, அழுத்திச் சுருக்காத வீடியோ. வியாழனுக்கு எக்ஸ்போஷரை 10 மில்லி வினாடிக்குப் பக்கத்தில் வையுங்கள், தேவையான வெளிச்சத்தைக் கெய்னை, அதாவது சென்சாரின் மின்குறியைப் பெருக்கும் அளவை, கூட்டிப் பெறுங்கள். ஒளி அளவுப் படத்தின் (ஹிஸ்டோகிராம்) மேடு பாதிக்குச் சற்று மேலே நின்றால் போதும். ஒவ்வொரு ஃபிரேமும் புள்ளிப் புள்ளியாக அசிங்கமாக இருக்கும். இருக்கட்டும். ஆயிரம் ஃபிரேம்களை அடுக்கும்போது புள்ளிகள் மறைந்துவிடும்; நீண்ட எக்ஸ்போஷரில் காற்று குழப்பிய விவரம் மட்டும் திரும்பி வராது. சனி சூரியனிலிருந்து நம்மைவிட ஒன்பதரை மடங்கு தூரத்தில் இருக்கிறது. அங்கே வெயில் வியாழனைவிட மூன்று மடங்குக்கும் மேல் குறைவு. அதனால் அதற்கு எக்ஸ்போஷரை அந்த அளவுக்குக் கூட்ட வேண்டியிருக்கும்.

இடவசதியையும் பாருங்கள். 640-க்கு 480 பிக்சல் கட்டத்தில் வினாடிக்கு 100 ஃபிரேம் என்றால் வினாடிக்கு 30 மெகாபைட்டுக்கு மேல். இரண்டு நிமிடத்தில் ஏறத்தாழ மூன்றே முக்கால் ஜிகாபைட். நீங்கள் சென்சார் முழுவதையும் பதிவு செய்ய வேண்டியிருப்பதால் அதைப்போல் ஏழு மடங்கு வேகத்தில் நிரம்பும். பழைய சுழலும் வட்டு இதற்கு ஈடுகொடுக்காது.

ஃபோகஸ் செய்வதுதான் மனத்தைச் சோதிக்கும் இடம். குமிழைத் தொட்டாலே குழாய் ஆடும். வியாழன் என்றால் தட்டைப் பார்க்காமல் நிலவு ஒன்றைப் பாருங்கள். அது மிகச் சிறிய புள்ளியாக ஆகும்வரை சரிசெய்யுங்கள். பிறகு அரைக்கால் திருப்பம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்வந்து, கெடுவதைப் பார்த்து நடுவை நிச்சயப்படுத்துங்கள். இரவு குளிரக் குளிர ஃபோகஸ் நகரும்; சில வீடியோவுக்கு ஒரு முறை மீண்டும் பாருங்கள்.

ஆட்டோஸ்டாக்கர்ட் என்ற இலவச மென்பொருள் ஃபிரேம்களைத் தரம் பிரித்து அடுக்கித் தரும். எத்தனை சதவீதம் எடுப்பது என்று எல்லோரும் கேட்கிறார்கள். அதுவே வரைந்து காட்டும் தரக் கோடு எங்கே சரியத் தொடங்குகிறதோ அங்கே நிறுத்துங்கள். நல்ல இரவில் பாதிகூட எடுக்கலாம், மோசமான இரவில் பத்து சதவீதம். அடுக்கி முடித்த படம் மென்மையாக, ஏமாற்றமாக இருக்கும். ரெஜிஸ்டாக்ஸ் என்ற மென்பொருளில் கூர்மையேற்றும் வேவ்லெட் பகுதிக்குப் போய் முதல் இரண்டு நகர்த்திகளை நகர்த்தியதும் பட்டைகளும் சுருள்களும் எழுந்து வருவதைப் பார்க்கலாம். இதில் ஒரு போதை இருக்கிறது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று இழுத்து, கோளின் விளிம்பில் இல்லாத வெள்ளைக் கோடும் அதற்கு உள்ளே இல்லாத கரிய வளையமும் வரவழைத்துவிடுவார்கள். செவ்வாயின் விளிம்பில் இது மிக எளிதாக வரும். அதே இரவின் இரண்டு வீடியோக்களைத் தனித்தனியாக அடுக்கி ஒப்பிடுங்கள். இரண்டிலும் இருக்கும் விவரம் கோளுடையது. ஒன்றில் மட்டும் இருப்பதை நம்ப வேண்டாம்.

மற்றக் கோள்களைப் பற்றிச் சுருக்கமாக. சனியின் வளையங்கள் 2025 மார்ச்சில் நமக்கு விளிம்பைக் காட்டி நூலாக மெலிந்தன. இப்போது வருடா வருடம் விரிந்து 2032-இல் முழு அகலத்துக்கு வரும். வளையத்தின் இரு முனைகளிலும் காசினி இடைவெளி முக்கால் விகலைதான். அது தெளிவாகப் பிரிந்து வந்தால் அன்றைய காற்று, ஃபோகஸ், கண்ணாடி எல்லாம் சரி என்று பொருள். செவ்வாய் 26 மாதத்துக்கு ஒரு முறைதான் பக்கத்தில் வரும். 2027 பிப்ரவரியில் 13.8 விகலை, 2035 செப்டம்பரில் 24 விகலைக்கும் மேல். வெள்ளி பிறை காட்டும், அதற்குமேல் உங்கள் கேமராவில் பெரிதாக எதுவும் எதிர்பார்க்காதீர்கள். அது சூரியனுக்குப் பக்கத்தில் இருக்கும் நாட்களில் தேடவே தேடாதீர்கள். குழாய் ஒரு கணம் சூரியன் பக்கம் போனாலும் கண் போய்விடும். யுரேனஸ், நெப்டியூன் இரண்டும் நிறமுள்ள சிறு தட்டுகளாக வரும், அவ்வளவே.

கடைசியாக ஒரு பழக்கம். கணினியின் கடிகாரத்தைச் சரியாக வைத்து, ஒவ்வொரு கோப்பிலும் உலக நேரம் பதியும்படி செய்யுங்கள். 2009 ஜூலை 19 அன்று வியாழனில் ஏதோ மோதிய கரிய வடுவை முதலில் கண்டவர் ஆஸ்திரேலியாவின் அந்தோனி வெஸ்லி. வீட்டுத் தொலைநோக்கியில் படமெடுத்துக்கொண்டிருந்தவர். மறு வருடம் ஜூன் 3 அன்று வியாழனில் சுமார் இரண்டு வினாடி நேரமே இருந்த பளிச்சிடல் ஒன்றையும் அவரே கண்டார். பிலிப்பைன்ஸில் அதே நேரத்தில் படமெடுத்துக்கொண்டிருந்த கிறிஸ்டோபர் கோ தம் வீடியோவைத் தேடிப் பார்த்தபோது அதிலும் அது இருந்தது. இரண்டு வீடியோக்களிலும் ஒரே நேரம் பதிந்திருந்ததால்தான் அது கேமராக் கோளாறு அல்ல என்று உறுதியாயிற்று. இப்படிப்பட்ட பளிச்சிடல்களை வீடியோக்களில் தேடித் தருவதற்கென்றே டிடெக்ட் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. படம் நன்றாக வராத வீடியோவையும், வட்டில் இடம் போதாமல் அழிப்பதற்கு முன் அதில் ஒரு தடவை ஓடவிடுங்கள்.